நூலும் அதன் இருப்பிடமும்: தச்சர் நூலைச் சுற்றி வைத்துக் கையாளும் முறைகள் குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மரத்திலும் கல்லிலும் நேர்கோடு இடுவதற்குத் தச்சர் பயன்படுத்தும் நூல், இலக்கண இலக்கியங்களில் நேர்மையின் உவமையாக நிலைபெற்றுள்ளது. ஆனால் அந்நூல் எதில் சுற்றி வைக்கப்பட்டது, எவ்வாறு நிறமூட்டப்பட்டது, அதன் மறுமுனையை யார் பிடித்தனர் என்னும் வினாக்கள் பெரிதும் கவனம் பெறவில்லை. பண்டைய எகிப்து, கிரேக்கம், சீனம், ஜப்பான், தென்னிந்தியா ஆகிய பகுதிகளின் சான்றுகளைக் கொண்டு இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இட்ட கோடு எவ்வளவு காலம் அழியாமல் நிற்க வேண்டும், நூலின் மறுமுனையைப் பிடிக்க ஆள் உண்டா என்னும் இரண்டுமே நூலின் இருப்பிடத்தைத் தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: எற்றுநூல், கயிறு, மைக்கலம், சூத்திரகிராகி, சுமிட்சுபோ, செங்காவி, கைவினை வரலாறு.

1. முன்னுரை

தமிழில் 'நூல்' என்னும் சொல் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிக்கும். இவ்விரு பொருளுக்கும் உள்ள உறவை விளக்க முற்பட்ட பவணந்தி முனிவர், நன்னூலின் பொதுப்பாயிரத்தில் இரண்டு உவமைகளைக் கையாள்கிறார். ஒன்று, பஞ்சினின்று நூல் நூற்கும் தொழில். மற்றொன்று, மரத்தின் கோணலைப் போக்கத் தச்சர் இடும் நூல். மரத்தின் வளைவைத் தச்சு நூல் தீர்ப்பதுபோல மனத்தின் வளைவைக் கல்வி நூல் தீர்க்கும் என்பது இரண்டாம் உவமையின் கருத்து. இன்றைய பேச்சு வழக்கிலும் 'நூல் பிடித்தாற்போல்' என்னும் தொடர் பிறழாத நேர்மைக்கு அடையாளமாக வழங்குகிறது.

இவ்வுவமையை ஒரு தச்சரின் பார்வையில் நோக்கினால் ஒரு வினா எழும். நூல் தன்னளவில் நேரானதன்று. விரல்களுக்கிடையே தொங்கும் நூல் மரத்தைவிட அதிகமாக வளையும். பையில் போட்டால் சிக்கிக்கொள்ளும். இரு முனைகளும் பற்றப்பட்டு, முறுக்கு நீங்கி, இறுக இழுக்கப்பட்ட பின்னரே அது நேர்மை பெறுகிறது. எனவே நூலின் நேர்மை இழையில் இருப்பதன்று. இழையைத் தாங்கும் குச்சி, உருளை, முளை, கை ஆகியவற்றில் இருப்பது. உவமை நூலைப் போற்றியது; நூலைத் தாங்கியவற்றைச் சொல்லாமல் விட்டது. அவ்வாறு விடுபட்ட பகுதியே இக்கட்டுரையின் பொருள்.

2. கயிறும் நூலும்

நூலின் இருப்பிடத்தை ஆராயுமுன் இருவேறு கருவிகளைப் பிரித்தறிதல் வேண்டும். பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை, அரண்மனைக்கு மனை வகுக்கும் காட்சியை விவரிக்கிறது. கதிரவன் எப்பக்கமும் சாயாத நண்பகலில், நட்ட இரு கோல்களின் நிழற்குறி கொண்டு திசை அறிந்து, வல்லுநர் நுட்பமாகக் கயிறு இடுகின்றனர். இப்பகுதியில் 'நூல்' என்னும் சொல் அவ்வல்லுநர் கற்ற கட்டடக் கலை நூலைக் குறிக்கிறது. அளக்கும் கருவி 'கயிறு' எனப்படுகிறது. ஏடும் இழையும் ஒரே தொடரில் வருமிடத்தில் புலவர் இரண்டிற்கும் இரு சொற்களை ஆள்வது கருதத்தக்கது.

மனையிடத்துக் கயிறும் மரத்தின்மேல் இடும் நூலும் செய்யும் வேலைகள் வேறானவை. கயிறு இரு முளைகளுக்கிடையே நிலத்துக்கு மேல் இழுத்துக் கட்டப்பட்டு, வேலை முடியும்வரை அங்கேயே நிற்கும். சுவர் அதனருகே எழும். கயிறே கோடு, அது எங்கும் கோடு வரைவதில்லை. மரத்தின்மேல் இடும் நூலோ நிறம் தோய்ந்து, ஒருகணம் மேலே இழுத்து விடப்பட்டு, தன் தடத்தைப் பதித்துவிட்டு அகன்றுவிடும். அடித்தல் என்னும் பொருள் தரும் 'எற்று' என்பதனடியாக அமைந்த 'எற்றுநூல்' என்னும் சொல் இச்செயலைச் சரியாகக் காட்டுகிறது. சுல்வ சூத்திரங்கள் என்னும் வடமொழி அளவை நூல்களின் பெயரிலுள்ள 'சுல்வம்' என்பதும் கயிற்றையே குறிக்கும். வேள்வி மேடைகளை வகுத்த அக்கயிறு முதல் வகையைச் சார்ந்தது.

இவ்வேறுபாடு கையாளும் முறையையும் வேறாக்குகிறது. நிற்கும் கயிற்றுக்குத் தொய்வு பகை. அடிக்கும் நூலுக்கு முறுக்கும் சீரற்ற நிறமும் பகை.

3. தொய்வும் முறுக்கும்

இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட கயிறு எவ்வளவு இழுத்தாலும் நடுவில் சிறிது தொய்ந்தே தீரும். தொய்வின் அளவு கயிற்றின் எடைக்கும் நீளத்தின் வர்க்கத்துக்கும் நேர் விகிதத்திலும், இழுவிசைக்குத் தலைகீழ் விகிதத்திலும் அமையும். மீட்டருக்கு 1 கிராம் எடையுள்ள நூலை 10 மீட்டர் தொலைவுக்கு 20 நியூட்டன் விசையில், அதாவது ஏறத்தாழ 2 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு விசையில், இழுத்துக் கட்டினால் நடுவில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தொய்வு விழும். தமிழகத் தச்சர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை 'ஒரு நூல்' என்று அளவிடுகின்றனர். அக்கணக்கில் இத்தொய்வு ஏறத்தாழ இரண்டு நூல். நீளம் இருமடங்கானால் தொய்வு நான்கு மடங்காகும். நெடிய சுவருக்கு நூல் கட்டும் கொத்தனார் இடையில் ஒரு செங்கல்லை வைத்து நூலைத் தாங்கச் செய்வதன் காரணம் இதுவே.

மரத்தின்மேல் படிந்து கிடக்கும் நூலுக்கு இத்தொல்லை இல்லை. பரப்பே அதனைத் தாங்குகிறது. ஆயின் அதனை மேலே இழுத்து விடும்போது பரப்புக்குச் செங்குத்தாக இழுத்தல் வேண்டும். பக்கவாட்டில் சற்றே சாய்த்து இழுத்தாலும் பதியும் கோடு வில்லாக வளைந்துவிடும். நீளம் மிகுந்தால் நடுவில் கட்டை விரலால் நூலை அழுத்திப் பிடித்து இருபுறமும் தனித்தனியே அடிப்பது இப்பிழையைக் குறைக்கும்.

முறுக்கு நுட்பமான சிக்கலாகும். அசையாத குச்சியைச் சுற்றிக் கையை வளையவிட்டு நூலைச் சுற்றிவிட்டு, பின்னர்க் குச்சியை உருட்டி நூலை இழுத்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு நூலில் ஏறும். குச்சியை உருட்டிச் சுற்றிவிட்டு, அதன் நுனிவழியாக நூலை உருவினாலும் அதுவே நேரும். சுற்றிய முறையும் அவிழ்க்கும் முறையும் ஒன்றாயின் முறுக்கு ஏறாது. ஏறிய முறுக்கு தளர்ந்த நூலைச் சுருட்டிச் சிக்காக்கும். இதற்குப் பழைய தீர்வு, நூலைக் குச்சியின் இரு நுனிகளிலும் மாறி மாறி 8 வடிவில் சுற்றுவது. ஒரு பாதிச் சுற்றில் ஏறும் முறுக்கை மறுபாதி எதிர்த்திசையில் நீக்கிவிடும். மற்றொரு தீர்வு, அச்சில் சுழலும் உருளை. சுற்றும்போதும் அவிழ்க்கும்போதும் உருளையே சுழல்வதால் நூல் முறுக்கேறுவதில்லை. குச்சிக்குக் கையின் பழக்கம் தேவை. உருளை அப்பழக்கத்தைக் கருவிக்குள் அமைத்துவிடுகிறது.

4. நிறம் தனியே நின்ற முறை

பண்டைய எகிப்தில் கயிறு நீட்டும் சடங்கு கோயில் கட்டுமானத்தின் தொடக்கமாக அமைந்தது. எழுத்துக்கும் அளவைக்கும் உரிய செசாத் என்னும் பெண் தெய்வம் அரசனுடன் கயிறு நீட்டும் காட்சி கோயிற் சுவர்களில் செதுக்கப்பட்டுள்ளது. இது நிற்கும் கயிறு. அடிக்கும் நூலின் தடத்தைத் தீப்ஸ் நகரக் கல்லறைகளின் முற்றுப்பெறாத சுவர்களில் காணலாம். செங்காவியில் தோய்த்த நூலை அடித்து வகுத்த கட்டக் கோடுகள் அங்கு எஞ்சியுள்ளன. நூல் தெறித்த வேகத்தில் சிதறிய காவித் துளிகள் சில கோடுகளின் இருமருங்கிலும் தென்படுகின்றன. ஓவியம் முற்றுப்பெற்றிருந்தால் அவை நிறத்தின் கீழ் மறைந்திருக்கும்.

கிரேக்கத்திலும் செங்காவி தோய்ந்த நூலே வழங்கியது. இலியட் காவியத்தின் 15ஆம் காண்டத்தில், எப்பக்கமும் சாயாது சமநிலையில் நின்ற போரின் நிலை, கப்பல் மரத்தைத் திறன்மிக்க தச்சன் நூலிட்டு நேராக்கும் செயலுக்கு ஒப்பிடப்படுகிறது. கோட்டைக் குறிக்கும் 'லினியா' என்னும் இலத்தீன் சொல் ஆளிச்செடியையும் அதன் இழையையும் குறிக்கும் 'லினும்' என்பதிலிருந்து பிறந்தது. வரையப்பட்ட கோட்டுக்கே இழையின் பெயர் அமைந்ததை இது காட்டுகிறது.

இம்முறையில் நூல் ஓரிடத்திலும் நிறம் வேறோரிடத்திலும் இருந்தன. நூலை அவிழ்த்து, காவியில் தோய்த்து அல்லது காவிக் கட்டியால் தேய்த்து, இருவர் இரு முனைகளைப் பிடித்து, அடித்து, மீண்டும் சுற்ற வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் இத்தனை செயல்கள். தோய்ப்பில் நிறம் ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் படியும்.

5. மூன்றும் ஒன்றான மைக்கலம்

சீனத் தச்சர் நூல், நிறம், உருளை ஆகிய மூன்றையும் ஒரே மரக்கலத்துள் இணைத்தனர். 'மோடோ' எனப்படும் இம்மைக்கலத்தின் தோற்றத்தைத் தச்சரின் தெய்வமாகப் போற்றப்படும் லூ பானுக்கு மரபு உரிமையாக்குகிறது. ஜப்பானில் இது 'சுமிட்சுபோ' எனப் பெயர் பெற்றது. மைக்குடுவை என்பது அதன் பொருள். நாரா நகரின் ஷோசோஇன் கருவூலத்தில் 8ஆம் நூற்றாண்டுப் பொருள்களுக்கிடையே நாகக்கப்பல் வடிவில் வெள்ளி ஒப்பனை செய்யப்பட்ட மைக்கலம் ஒன்று பாதுகாக்கப்படுகிறது.

இதன் அமைப்பு எளிமையும் கூர்மையும் வாய்ந்தது. கலத்தின் முன்புறத்தில் குழிவு ஒன்று உண்டு. ஜப்பானியத் தச்சர் அதனைக் 'குளம்' என்றே அழைப்பர். குளத்தில் மையில் ஊறிய பட்டுப் பஞ்சு நிறைந்திருக்கும். பின்புறத்தில் நூலுருளை. உருளையிலிருந்து புறப்படும் பட்டு நூல் பஞ்சினூடே சென்று, முன்புறத் துளைவழியே வெளிவரும். நூலின் முனையில் 'கருகோ' எனப்படும் சிறு மரத்துண்டும் அதில் பதித்த ஊசியும் இருக்கும். ஊசியை மரத்தில் குத்திவிட்டுக் கலத்துடன் பின்னோக்கி நடந்தால் உருளை சுழன்று நூல் நீளும். நீளும் நூல் தானே மை தோயும். வேண்டிய இடத்தில் விரலால் உருளையை நிறுத்தி, நூலை இறுக்கி, மறுகையால் மேலே இழுத்து விட்டால் மெல்லிய கருங்கோடு விழும். பின்னர் உருளையைச் சுழற்றினால் நூல் மீண்டும் குளத்தைக் கடந்து உள்ளே சென்று ஒழுங்காகச் சுற்றிக்கொள்ளும்.

சுற்றி வைத்தல், நிறமூட்டல், இழுத்தல் ஆகியவை இங்கே ஒரே அசைவின் பகுதிகளாகிவிட்டன. நூலுக்கு உருளை தங்குமிடம், குளம் வழித்துறை. முறுக்கு ஏறுவதில்லை, நிறம் சீராகப் படிகிறது, மை குறைந்தால் பஞ்சை அழுத்தி மிகுவிக்கலாம்.

நாராவின் தோதாய்ஜி கோயிலின் பெருந்தெற்கு வாயில் 1199ஆம் ஆண்டு மீளக் கட்டப்பட்டது. அதன் மேற்பகுதி உத்தரம் ஒன்றின்மீது பழைய மைக்கலம் ஒன்று 1879ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டது. இன்று அது தோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தின் சேமிப்பில் உள்ளது. பின்பகுதி இரு கிளையாகப் பிளந்து, அவற்றுக்கிடையே உருளை சுழலும் பழைய வடிவத்தை அது காட்டுகிறது. கட்டுமானத்தின்போதோ பின்னர்ப் பழுதுபார்த்தபோதோ யாரோ ஒரு தச்சர் அதனை உத்தரத்தில் வைத்துவிட்டு இறங்கியிருத்தல் வேண்டும். ஒரு கையில் அடங்கும் தனிக்கருவியாக இருந்ததாலேயே அது அவ்வாறு மறக்கப்படவும், பல நூற்றாண்டுக்குப் பின் முழுமையாகக் கிடைக்கவும் இயன்றது.

6. மறுமுனையைப் பிடிப்பவர்

மைக்கலத்தின் மிகச் சிறிய உறுப்பு அதன் ஊசி. சீன மரபில் அம்முனைக் கொக்கிக்கு 'பான்மூ' என்று பெயர். பானின் தாய் என்பது பொருள். லூ பான் கோடிடும்போதெல்லாம் அவருடைய தாயே நூலின் மறுமுனையைப் பிடித்து வந்தார் என்றும், முனையில் சிறு கொக்கி ஒன்றைக் கட்டினால் தாம் இல்லாமலே வேலை நடக்கும் என்று அவரே வழி சொன்னார் என்றும் மரபுக் கதை கூறும். கதையை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் கருவியொன்று எவருடைய உழைப்பின் இடத்தை நிரப்பியது என்பதைத் தச்சர் சமூகம் பெயரிலேயே பதிவு செய்துவைத்தது என்பது வரலாற்றுச் செய்தியே.

தென்னிந்தியக் கட்டடக்கலை நூலான மயமதம், கைவினைஞரைத் தபதி, சூத்திரகிராகி, வர்த்தகி, தட்சகன் என நால்வகைப்படுத்துகிறது. தபதி தலைமை வகுப்பாளர். சூத்திரகிராகி என்பதற்கு நூலைப் பற்றுபவர் என்பது சொற்பொருள். அவர் தபதியின் மகனாகவோ மாணவராகவோ இருப்பார் என்றும் நூல் கூறுகிறது. மரத்தையும் கல்லையும் வெட்டுபவர் தட்சகன். உறுப்புகளை இணைப்பவர் வர்த்தகி. சீனக் கதையில் தாய் பிடித்த இடத்தை இங்கே மகன் அல்லது மாணவர் பெறுகிறார். ஆனால் இங்கு அவ்விடம் ஊசிக்கு விட்டுக்கொடுக்கப்படவில்லை. ஒரு பதவியாகவும் பயிற்சியாகவும் வளர்க்கப்பட்டது. நூலின் ஒரு முனையைப் பிடித்தவாறே அளவைக் கற்றவர், பின்னர் மறுமுனைக்கு உரியவராக உயர முடிந்தது.

கோடிடுதலும் வெட்டுதலும் வெவ்வேறு தகுதிநிலைகளாகக் கருதப்பட்டமை இரு மரபுகளுக்கும் பொதுவானது. ஜப்பானியத் தச்சு வேலையில் 'சுமிட்சுகே' எனப்படும் மையிடும் கட்டம் தலைமைத் தச்சரின் பொறுப்பு. அவர் இட்ட கோட்டின்படி பிறர் அறுப்பர். மயமதத்தின் வரிசையிலும் நூலைப் பற்றுபவர் வெட்டுபவருக்கு முன்னே வைக்கப்படுகிறார். பிழையான வெட்டு ஒரு மரத்தைக் கெடுக்கும். பிழையான கோடு அதன்படி வெட்டப்படும் அத்தனை மரங்களையும் கெடுக்கும்.

7. கோட்டின் ஆயுள்

நூலும் நிறமும் தனித்தனியே நிற்கும் முறையைவிட மைக்கலம் வளர்ச்சி பெற்றது என்றும், ஆகவே அது வழங்காத இடங்களில் கைத்திறன் பின்தங்கியிருந்தது என்றும் முடிவுகட்டுவது எளிது. அம்முடிவு பொருந்தாது என்பதற்கு வேலையின் இயல்பே சான்று.

ஜப்பானியக் கோயில் மரச்சட்டகத்தால் எழுவது. ஒவ்வொரு தூணிலும் உத்தரத்திலும் நடுக்கோடு இடப்பட்டு, அக்கோட்டை அடிப்படையாகக் கொண்டே பொருத்துகள் வெட்டப்படுகின்றன. வெட்டிய மரங்கள் மேலேற்றிப் பொருத்தப்படும்வரை அக்கோடு மழைக்கும் கைபடுவதற்கும் அழியாமல் நிற்க வேண்டும். கரிமை மரத்தின் இழைகளில் ஊறி நிலைக்கும், தூசுபோல் உதிராது. நிலைக்கும் கோடு வேண்டுமெனில் ஈரமை வேண்டும். ஈரமையைப் பணியிடமெங்கும் சிந்தாமல் எடுத்துச் செல்ல வேண்டுமெனில் பஞ்சு நிறைந்த கலம் வேண்டும்.

கல் வேலையின் நிலை வேறு. இன்றும் மாமல்லபுரத்துச் சிற்பிகள் கல்லின்மேல் செங்காவியால் கோடிட்டே செதுக்குகின்றனர். உளி ஓர் அடுக்கைச் செதுக்கி நீக்கியதும் அதன்மேல் இருந்த கோடும் நீங்கிவிடும். அடுத்த அடுக்கில் மீண்டும் கோடிட வேண்டும். மரமறுக்கும் வேலையிலும் வாள் செல்லும் வழியிலேயே கோடு மறைகிறது. சிறிது நேரமே நிற்க வேண்டிய கோட்டுக்குக் காவியும் கரித்தூளும் போதுமானவை. அவை நூலை ஈரத்தில் ஊறவிடுவதில்லை. கிண்ணமோ துணிப்பொதியோ போதும். இத்தகைய பணியிடத்தில் நூலுக்குக் குச்சியே தக்க இருப்பிடம். நிறத்தை அதனுடன் பிணைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆகவே கருவியின் வடிவத்தை இரு வினாக்கள் தீர்மானித்தன எனலாம். கோடு எத்துணைக் காலம் வாழ வேண்டும் என்பது முதல் வினா. மறுமுனையில் நிற்பவர் யார் என்பது இரண்டாவது. நெடிது வாழும் கோடும் தனியாளின் வேலையும் சேர்ந்த இடத்தில் மைக்கலமும் ஊசியும் பொருந்தின. குறுகிய வாழ்வுடைய கோடும் மறுமுனையில் ஒரு மாணவரும் இருந்த இடத்தில் குச்சியும் காவியும் போதுமாயின.

இவ்வேறுபாடு கருவிகளின் எச்சத்திலும் எதிரொலிக்கிறது. செதுக்கு வேலைப்பாடு அமைந்த மைக்கலம் அருங்காட்சியகம் புகுகிறது. ஜனவரி 2ஆம் நாள் கியோத்தோவின் கோர்யூஜி கோயிலில் நிகழும் ஆண்டுத் தொடக்கச் சடங்கில் தச்சர் அதனைக் கொண்டு கோடிடுகின்றனர். குச்சிக்கு அவ்வாறான வாழ்வு இல்லை. வேலை முடிந்ததும் அது எறியப்படும் அல்லது அடுப்பில் எரியும். எஞ்சிய பொருள்களை மட்டும் கொண்டு எழுதப்படும் தொழில்நுட்ப வரலாறு, குச்சியைப் பயன்படுத்தியோரின் திறனை இல்லாததாகக் காட்டிவிடும் இடர் இங்கேதான் உள்ளது.

8. முடிவுரை

சீன மெய்யியலாளர் சுன்ஸி, கி.மு. 3ஆம் நூற்றாண்டில், கல்வியை வலியுறுத்தும் தம் நூலின் முதல் இயலில், நூலிட்ட மரம் நேராவதைக் கல்வியால் மனிதர் திருந்துவதற்கு ஒப்புமையாக்கினார். 'கயிறும் மையும்' என்னும் தொடர் சீன மொழியில் நெறிமுறை என்னும் பொருளைப் பெற்றது. 13ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் நன்னூலும் அதே ஒப்புமைக்கு வந்தது. ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டிய தேவை இவ்விரு மரபுகளுக்கும் இல்லை. இரண்டையும் தச்சுப்பட்டறையே அவ்விடத்துக்குக் கொண்டுவந்தது எனக் கருதலாம். ஆயினும் சீனத் தொடரில் மையும் உடன் இடம்பெற்றது. தமிழ் உவமையில் நூல் மட்டுமே நின்றது.

நன்னூலின் உவமையை மேற்கண்ட சான்றுகளுடன் சேர்த்துப் படித்தால் அதன் பொருள் விரிவடைகிறது. மரத்தின் கோட்டத்தைத் தீர்க்கும் நூலும் தானாக அத்தகுதியைப் பெறுவதன்று. முறுக்கு நீக்கிச் சுற்றிவைத்த கை ஒன்று, மறுமுனையைப் பிடித்து நின்ற கை மற்றொன்று என இருவர் அதன் பின்னே உள்ளனர். கல்வி நூலுக்கும் இது பொருந்தும். ஆசிரியரும் மாணவரும் இரு முனைகளைப் பற்றாவிடில் அதுவும் தொய்ந்தே கிடக்கும்.

இன்று பணியிடங்களில் நைலான் நூலும் லேசர் மட்டமும் பரவிவிட்டன. லேசர் கதிர் தொய்வதில்லை, முறுக்கேறுவதில்லை, சுற்றிவைக்க வேண்டியதும் இல்லை. அதனால் வேலை எளிதாவது நன்றே. ஆனால் மறுமுனையில் நின்று தொழில் கற்ற இளைஞரின் இடமும் அதனுடன் மறைகிறது. குச்சியின் வடிவம், 8 வடிவச் சுற்று, காவி கரைக்கும் பதம், நூலைச் செங்குத்தாக இழுக்கும் விரற்பழக்கம் ஆகியவை ஏட்டில் ஏறாமல் கைவழியே வந்தவை. இவற்றுக்கு வட்டாரந்தோறும் வழங்கும் பெயர்களை முதிய தச்சர், கொத்தனார், சிற்பிகள் ஆகியோரிடம் கேட்டுத் தொகுப்பதும், எறியப்படும் குச்சிகளையும் நூற்கண்டுகளையும் அருங்காட்சியகப் பொருள்களாக ஏற்பதும் உடனடித் தேவைகளாகும். 'நூல்' என்னும் சொல்லின் ஒரு பொருளைத் தமிழ் பல நூற்றாண்டுகளாகப் பேணி வந்துள்ளது. அதன் மற்றப் பொருளுக்கும் அதே அக்கறை உரியது.